வண்டியும் வனமும்

மனிதர்கள் என்னை எத்தனையோ தடவை காக்க வைத்திருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர்கள், பல் வைத்தியர்கள், மாப்பிள்ளை வீட்டார் என்று எல்லாரும் அவரவர் சக்திக்கு ஏற்றபடி காக்க வைத்ததுண்டு. ஆனால் ஒரு காட்டெருமை என்னை நாற்பது நிமிஷம் காக்க வைத்தது 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில்தான்.

இடம், அமெரிக்காவிலுள்ள எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் நம் ஊர்ப் பூங்காக்களைப் போல் நாலு பெஞ்சியும் ஒரு நீரூற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர் காடும் மலையும் கொதிக்கும் ஊற்றும் அங்கே இருக்கின்றன. 1872 மார்ச் 1-ம் தேதி ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போட, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்ற பெயரைப் பெற்ற இடம் அது. அங்கே ஹேடன் பள்ளத்தாக்கு என்னும் அகன்ற புல்வெளியின் நடுவே, தார் ரோட்டில், ஒரு பைசன் எருமை நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். அவற்றில் ஒன்றில் என் மகன், மருமகள், எட்டு வயசுப் பேரன், நான்.

"அப்பா, இதுக்கு இங்கே ஒரு பேரே இருக்கு. பைசன் ஜாம்" என்றான் மகன்.

எருமை அவசரப்படவில்லை. அது அதன் வீடு. எல்லாக் கார்களிலும் குளிர்சாதனத்துக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே புல்வெளியின் மணத்தை முகரலாம் என்று கண்ணாடியை இறக்கினேன். பெட்ரோல் புகை வந்தது. ஏற்றிவிட்டேன்.

பேரனுக்குப் பொறுமை போய்விட்டது. அவனைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி கதை சொல்வது. கண்ணெதிரே காடும் வண்டியுமாக இருந்ததால் பாரியின் கதை ஞாபகத்துக்கு வந்தது. பறம்பு மலையின் தலைவன் காட்டு வழியே தேரில் வருகிறான். பற்றிப் படரக் கொம்பில்லாமல் ஒரு முல்லைக் கொடி தவிக்கிறது. இறங்கி, தேரையே அதற்குப் பந்தலாக விட்டுவிட்டுப் போகிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து நமக்கெல்லாம் தெரிந்த கதை. பேரன் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டான்:

"அப்புறம் அவர் வீட்டுக்கு எப்படித் தாத்தா போனார்?"

எனக்கு வாத்தியார் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லி வைத்தேன். பதில் தெரியாத பெரியவர்கள் சொல்வது அதுதான்.

அன்று அந்தக் கார் வரிசையில் உட்கார்ந்து எனக்கும் ஒரு கேள்வி எழுந்தது. காட்டைக் காப்பாற்றுவதற்காகவே வேலி போட்ட இடத்துக்குள் இத்தனை வண்டிகளை யார் அழைத்தார்கள்? ஊர் திரும்பியதும் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆதியில் அங்கே குதிரை வண்டிதான். 1883-ல் வடக்கு எல்லைக்குப் பக்கம் வரையில் ரயில் வந்தது. ரயிலிலிருந்து இறங்கியவர்களைக் குதிரைகள் பூட்டிய பெரிய கோச்சு வண்டிகள் ஏற்றிக்கொண்டு போகும். பூங்காவைச் சுற்றி வர ஐந்து நாள் ஆகும். ஹோட்டலில் தங்குகிற கனவான்கள், கூடாரத்தில் தங்குகிற நடுத்தரத்தார், சொந்த வண்டியில் சட்டி பானையுடன் வந்து புதரடியில் படுக்கிற ஏழைகள் என்று யாத்திரிகர்களிலும் ஜாதிகள் இருந்தன. ஆனால் எல்லார் மேலும் சமமாகப் படிந்தது ஒன்று உண்டு. அது புழுதி. பிரயாணிகள் உடுப்பு பாழாகாமல் இருக்கக் கணுக்கால் வரையில் தொங்கும் நார்த்துணி அங்கியை மாட்டிக்கொள்வார்கள். முன் வண்டியின் புழுதி பின் வண்டியைத் தாக்காதபடி கோச்சுகள் இடைவெளி விட்டு விட்டுத்தான் போகும்.

இந்த இடைவெளியைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டவர்கள் வழிப்பறிக்காரர்கள். 1914 ஜூலையில் முகமூடி அணிந்த ஒரே ஓர் ஆசாமி, துப்பாக்கியுடன் ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்து கோச்சுகளைக் கொள்ளையடித்தான். ஒரு வண்டியை முடித்து அனுப்பி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்காக நிதானமாகக் காத்திருந்தான். பின்னால் பிடிபட்டுச் சிறைக்குப் போனான் என்றாலும், கதை எழுதுகிற எனக்கே கற்பனையில் தோன்றாத சாமர்த்தியம் அது!

மோட்டார் வண்டிக்கு அப்போது பூங்காவில் இடமில்லை. குதிரைகள் மிரளும் என்பது காரணம். 1886 முதல் பூங்காவைப் பரிபாலித்து வந்தது ராணுவம். 1902-ல் எவரோ ஒருவர் தடையை மீறிக் காரில் உள்ளே வந்துவிட்டாராம். சிப்பாய்கள் பிடித்து அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதிகாரி அந்த வண்டியில் ஒரு சவாரி போய் அனுபவித்துவிட்டு, பிறகு ஆளை வெளியே அனுப்பினார் என்று கதை சொல்கிறார்கள். அந்த அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாமும் அதைத்தான் செய்திருப்போம். சட்டம் ஒரு பக்கம். சபலம் ஒரு பக்கம்.

கடைசியில் சபலம் ஜெயித்தது. 1915 ஆகஸ்டு 1-ம் தேதி முதல் எல்லோஸ்டோனில் மோட்டார் வண்டிகள் அனுமதிக்கப்பட்டன. கோச்சும் காரும் மோதிக்கொள்ளாமல் இருக்க நேர அட்டவணை போட்டுப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. 1917-ல் கோச்சுகளை அடியோடு எடுத்துவிட்டு மோட்டார் பஸ்கள் விட்டார்கள். முப்பத்து நாலு வருஷம் பாரம் இழுத்த குதிரைகளின் காலம் இரண்டே வருஷத்தில் முடிந்துபோயிற்று.

இந்த இடத்தில் மோட்டாரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். மோட்டார் அன்றைக்கு ஒரு சீர்திருத்தவாதியாகவே உள்ளே நுழைந்தது. அதற்குப் புல் வேண்டாம், மேய்ச்சல் நிலம் வேண்டாம், அது ரோட்டில் சாணி போடாது, ஈ மொய்க்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயிலுக்கும் கோச்சுக்கும் ஹோட்டலுக்கும் பணம் கட்ட முடியாத விவசாயியும் பள்ளிக்கூட உபாத்தியாயரும், ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி வண்டியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பணக்காரர்களின் பூங்கா ஜனங்களின் பூங்காவாயிற்று. 1916-ல் ஏற்பட்ட தேசியப் பூங்கா இலாகாவின் முதல் தலைவரான ஸ்டீபன் மேதர் மோட்டாரை இரு கை நீட்டி வரவேற்றார். ஜனங்கள் வந்து பார்த்தால்தான் இந்தக் காடுகளைக் காப்பாற்ற ஓட்டும் பணமும் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பவுமில்லை.

எச்சரித்தவர் இல்லாமலும் இல்லை. அப்போது அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ் 1912-லேயே, கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் குறித்து, மோட்டாரை உள்ளே விடுவது ஏதேன் தோட்டத்தில் பாம்புக்கு இடம் கொடுப்பது போலாகும் என்ற பொருள்படப் பேசினார். மறு வருஷமே யோசெமிட்டிக்குள் மோட்டார் போயிற்று. தூதர்களின் பேச்சை உள்ளூரார் என்றைக்குக் கேட்டிருக்கிறார்கள்?

பாம்பு தன் வேலையை மெதுவாகத்தான் செய்தது. 1915-ல் எல்லோஸ்டோனுக்கு வந்தவர்கள் சுமார் 50,000 பேர். 1948-ல் அது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனங்கள் காரில் வரவே ரயில்கள் காலியாயின. 1960-ம் வருஷத்தோடு மேற்கு வாசலுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் நின்றுபோயிற்று. வேறு வழியில் வரலாம் என்று நினைக்கிறவனுக்கும் வழி இல்லாமற் போயிற்று.

காட்டு மிருகங்களும் காலத்துக்கு ஏற்ப மாறின. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு கரடி ரோட்டோரத்தில் நின்று கார்களை மறித்துத் தின்பண்டம் கேட்கப் பழகிற்று. ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற பிரசித்தி பெற்ற கொள்ளைக்காரனின் பெயரை அதற்கு வைத்தார்கள்! பதினைந்து கோச்சுகளை மறித்த மனிதனின் உத்தியோகத்தை ஒரு கரடி எடுத்துக்கொண்டது. பிறகு பல கரடிகள் அந்தத் தொழிலில் இறங்கின. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. ஆனால் கையில் ரொட்டியுடன் நின்றவர்களைக் கரடிகள் காயப்படுத்தின. காயப்படுத்திய கரடிகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 1970-ல்தான் இந்தத் தீனி வழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்தினார்கள்.

குளிர்காலத்தில் பனி மூடிக் கார் போக முடியாது. அப்போதாவது காட்டுக்கு ஓய்வு உண்டா என்றால், அதுவும் இல்லை. 1963 முதல் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகள் வந்தன. மேற்கு வாசலில் அவை வரிசை கட்டி நின்று கக்கிய புகையில், சீட்டுக் கொடுக்கும் ஊழியர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாயின. அவர்கள் உட்காரும் கூண்டுக்குள் குழாய் வைத்துச் சுத்தமான காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. உலகத்தின் முதல் தேசியப் பூங்காவின் வாசலில், காற்றுக்குக் குழாய்! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்னோமொபைல்களுக்கு எண்ணிக்கை வரம்பும் புகை வரம்பும் விதித்தார்கள். நிலைமை வெகுவாகச் சீர்ப்பட்டது. ஆக, வரம்பு போட்டால் பலன் உண்டு என்பதும் அங்கேயே நிரூபணமாயிற்று.

இனி, சாரதி இல்லாத வண்டிக்கு வருகிறேன்.

2021 கோடையில் எல்லோஸ்டோனின் கேன்யன் கிராமத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய மின்சார வண்டிகள், ஓட்டுகிறவர் இல்லாமல், தாமே ஓடின. தங்கும் விடுதி, கடை, கூடாரமடிக்கும் இடம், கார் நிறுத்துமிடம் இவற்றுக்கிடையே ஜனங்களை இலவசமாக ஏற்றிச் சென்றன. வழியின் வரைபடம் முன்கூட்டியே வண்டிக்குள் பதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களை நாலு பக்கமும் வீசி, எதிரே என்ன இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளும். ஏதேனும் குறுக்கே வந்தால் நின்றுவிடும். வேகம் குறைவு. துணைக்கு ஓர் ஊழியர் கூடவே இருப்பார். இந்த ஏற்பாட்டுக்கு டெடி என்று செல்லப் பெயர். அந்தப் பூங்காவின் வடக்கு வாசல் வளைவுக்கு 1903-ல் அஸ்திவாரக் கல் நாட்டிய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரும் டெடிதான். குழந்தைகளின் பொம்மைக் கரடிக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான். அதே 2021-ல், ரைட் சகோதரர்கள் முதன்முதல் விமானத்தில் பறந்த இடத்திலுள்ள தேசிய நினைவிடத்திலும் இப்படி ஒரு வண்டி ஓடியது. இரண்டும் சில மாதப் பரிசோதனைதான்.

நான் போனபோது கேன்யன் கிராமத்தில் அந்த வண்டிகள் இல்லை. அவை ஓடிய இடத்தையாவது பார்க்கலாம் என்று போனேன். விசாலமான நிறுத்துமிடத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றினோம்.

அந்தப் பரிசோதனை நடந்த 2021 ஜூலை மாதத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. எல்லோஸ்டோனின் சரித்திரத்தில் ஒரே மாதத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தது அந்த மாதத்தில்தான் முதல் தடவை. 10 லட்சம் ஜனங்கள். அவர்கள் ஏறி வந்த லட்சக்கணக்கான கார்கள். நடுவே சத்தமில்லாமல் ஊர்ந்த இரண்டொரு குட்டி வண்டிகள். காரில் வந்து, காரை நிறுத்திவிட்டு, புகையில்லாத வண்டியில் ஏறி, அதன் நல்ல குணத்தை மெச்சிவிட்டு, மறுபடி காரில் ஏறிப் போனார்கள்!

யந்திரத்தை நான் பரிகசிக்கவில்லை. அது நல்ல யந்திரம். நாளைக்கு அது மலைப்பாதையிலும் பனியிலும் ஓடக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் குதிரை போய் மோட்டார் வந்தபோதும், மோட்டார் புகையோடு நின்று மின்சாரம் வந்தபோதும், ஒவ்வொரு தடவையும் நாம் வண்டியைத்தான் மாற்றினோம். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் மாறவில்லை. அவனுக்குத் தன் வண்டி, தன் பெட்டி, தன் நேரம், தன் ஜன்னல் வேண்டும். எனக்குத் தெரியும். ஏனென்றால், பயணத்துக்கு முன் என் மருமகள், "மாமா, நாலு பேரோட சுற்றுலா பஸ்ஸில் போனால் என்ன?" என்று கேட்டபோது, முழங்கால் வலியைச் சாக்காகச் சொல்லிக் கார்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்தவன் நான்தான்.

எல்லோஸ்டோனிலிருந்து தெற்கே யூட்டா மாகாணத்துக்குப் போனோம். அங்கே சயான் என்று ஒரு தேசியப் பூங்கா. சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு சிற்றாறு. ஆற்றோரமாக ஆறு மைல் ரோடு. அவ்வளவுதான் அதன் பிரதான பள்ளத்தாக்கு. 1997-ல் அங்கே வந்தவர்கள் 24 லட்சம் பேர். கார் நிறுத்த இருந்ததோ சில நூறு இடங்கள். ரோட்டோரத்துப் புல்லின் மேலும் செடியின் மேலும் காரை ஏற்றி நிறுத்துவார்கள். இடத்துக்காகச் சண்டை நடக்கும். 2000-ம் வருஷம் மே மாதத்தில் பூங்காக்காரர்கள் ஒரு துணிவான காரியம் செய்தார்கள். பஸ் ஓடும் பருவத்தில், பள்ளத்தாக்கு ரோட்டில் வெளிக் கார்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரை வாசலிலோ பக்கத்து ஊரிலோ விட்டுவிட்டு இலவச பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். முதலில் புரொபேன் வாயுவில் ஓடிய பஸ்கள், 2024-க்குள் முழுவதும் மின்சாரத்துக்கு மாறின. அந்த பஸ்களுக்குச் சாரதி உண்டு. அவருக்குத் தொப்பியும் உண்டு, ஹாஸ்யமும் உண்டு.

காரை விட்டு இறங்கும்போது நான் முணுமுணுத்தேன் என்பதை மறைக்கவில்லை. பஸ் ஒன்பது இடங்களில் நின்றது. கடைசி நிறுத்தத்தின் பெயர் 'சினவாவாவின் கோயில்'. பையூட் பழங்குடியினரின் தெய்வத்தின் பெயராம். இறங்கினோம். பஸ் சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று. அப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. ஆற்றின் சத்தம் கேட்டது. பாறையிலிருந்து ஏதோ ஒரு பறவை கூவிற்று. சாலைக்கு அருகிலேயே ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கிற்று. கோயில் வாசலில் செருப்பை விடுகிறோமே, அது செருப்பு கெட்டது என்பதற்காக அல்ல. உள்ளே போகிற கால் வேறாக இருக்க வேண்டும் என்பதற்காக. அது அன்று எனக்கு விளங்கிற்று. முழங்காலைக் காரணம் காட்டிய கிழவன், ஆற்றோரப் பாதையில் ஒரு மைல் போய் ஒரு மைல் திரும்பினேன்.

திரும்பி வந்து பஸ்ஸுக்காக நிற்கும்போது பேரன் என் கையை இழுத்தான்.

"தாத்தா, அந்த ராஜாவும் இப்படித்தான் போயிருப்பார். தேரை விட்டுட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, அப்புறம் எல்லாரோடயும் பஸ்ஸிலே."

கதையை இத்துடன் முடித்தால் சுபம். ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். பஸ் வந்ததால் சயானில் கூட்டம் குறைந்துவிடவில்லை. 2021-ல் 50 லட்சம் பேர் வந்தார்கள். கார் வரிசை போய் மனித வரிசை வந்தது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறையில் ஏற, 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆயிற்று. நல்ல வண்டி கார்களைக் குறைக்கும், ஆசையைக் குறைக்காது. அதற்கு வேறு வரம்பு வேண்டும். எல்லோஸ்டோனைப் போல் ஐந்து வாசலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றுச் சாலையும் உள்ள பூங்காவில் சயானின் ஏற்பாட்டை அப்படியே செய்வதும் லேசான காரியமல்ல. பொழுது விடியுமுன்னும் இருட்டிய பின்னும், ஆள் குறைந்த கிளை வழிகளிலும், சாரதி இல்லாத சிறு வண்டிகள் ஒருநாள் உதவக்கூடும். உதவட்டும்.

ஆனால் வண்டியை ஓட்ட ஆள் வேண்டுமா, வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, நாம் நம்முடைய வண்டியை விட்டு இறங்குவோமா என்பது. பாரி தேரைக் கொடுத்ததைத்தான் இத்தனை காலமாகப் புகழ்ந்து வந்திருக்கிறோம். கொடுப்பதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்தான், தேரிலிருந்து இறங்கினான். அடுத்த தடவை மகன் அழைத்தால், முழங்கால் வலியைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை.